ஒரே கூரையின் கீழ் இரண்டு பிரதி

ஒவ்வொரு வருடமும் யூன் முதலாம் திகதி நெருங்கும்போது ஒரு கதை திரும்பவும் உலாவரும். யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரே பிரதி 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்துபோனது என்பார்கள். மேடையில் சொல்கிறார்கள், முகநூலில் பகிர்கிறார்கள், ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் விசாரியாமல் அப்படியே எழுதிவிடுகிறார்கள். எரிந்தது அந்த நூலின் சுவடி ஒன்றாக இருக்கலாம். நூல் எரியவில்லை. மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் எழுதிய அந்த வரலாற்றை 1879இலேயே பிறிற்றோ என்பவர் ஆங்கிலமாக்கி அச்சிட்டுவிட்டார். குல. சபாநாதன் பதிப்பித்த தமிழ் நூல் என் அலுமாரியில் இருக்கிறது. இணையத்திலும் காசில்லாமல் படிக்கலாம்.

இதைச் சொல்வதால் எரித்தவர்களின் குற்றம் குன்றிமணி அளவும் குறையாது. ஆனால் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலான இடத்தில் நின்று வைபவமாலைக்காக அழுவது, செத்தவரை விட்டுவிட்டு உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரி வைப்பது மாதிரி. உண்மையாகச் செத்தவை எவை? இன்னோரிடத்தில் இன்னொரு பிரதி இல்லாதவை. வீட்டில் கறையான் அரிக்கும் என்று பயந்து பரம்பரை வைத்தியர்கள் நூலகத்தில் ஒப்படைத்த ஏடுகள், ஊருக்குள்ளேயே அச்சடித்து ஊருக்குள்ளேயே தீர்ந்துபோன சிறு பிரசுரங்கள், ஓரங்களில் யாரோ பண்டிதர் குறிப்பெழுதி வைத்த புத்தகங்கள் போன்றவை. இவற்றில் பலவற்றின் பெயரே நமக்குத் தெரியாது. அதனால்தான் பெயர் தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறோம்.

அதே நாட்களில் ‘ஈழநாடு’ பத்திரிகையின் அலுவலகத்தையும் எரித்தார்கள். ஒரு பத்திரிகையின் பழைய இதழைத் தேடுகிறவர் முதலில் போகும் இடம் அதன் அலுவலகம், அடுத்தது அந்த நகரின் நூலகம். இரண்டும் ஒரே நகரில் இருந்தன, ஒரே கும்பலின் கைக்கு எட்டின. மாறாக, 1885ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி அரசாங்கத்துக்கு அனுப்பப்பட்ட பிரதிகளைப் பாருங்கள். வெள்ளைக்காரன் நம் தமிழைக் காக்க அந்தச் சட்டத்தைக் கொண்டுவரவில்லை. யார் என்ன அச்சிடுகிறார்கள் என்று வேவு பார்க்கவும் கணக்கு வைக்கவும் கொண்டுவந்தான். இருந்தும் யாழ்ப்பாணத்தில் அச்சான எத்தனையோ நூல்களை இன்று கொழும்பிலும் லண்டனிலும் பார்க்க முடிகிறதென்றால் அந்தக் கணக்குப்பிள்ளைப் புத்தியும் ஒரு காரணம்.

ஓய்வு பெறும்வரை உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன் நான். பிரதி என்றால் என் யோசனை முதலில் போவது வேலிக்கு. எங்கள் வளவின் கிழக்கு வேலி முழுதும் கிளுவை. மாரி தொடங்கும்போது ஒரு மரத்தின் கொப்பை வெட்டிக் கதியாலாக நட்டால் அது வேர்விட்டுத் துளிர்க்கும். அதிலிருந்து அடுத்த கதியால், அதிலிருந்து இன்னொன்று. ஐயா காலத்தில் நட்ட முதல் மரம் எங்கே என்று கேட்டால் காட்டமுடியாது, எப்போதோ பட்டுப்போயிருக்கும். ஆனால் அந்த மரம் வேலி நீளத்துக்கும் நிற்கிறது. பக்கத்து வளவுக்காரர் கேட்டு வாங்கிப்போன கதியாலில் அவருடைய வேலியிலும் நிற்கிறது. (வேலியை நாங்கள் அரக்குகிறோம் என்று அவர் நெடுநாளாகச் சொல்லிவருகிறார். அது வேறு கதை.)

உடம்புக்குள்ளும் இதேதான் நடக்கிறது. 1958இல் மெசல்சன், ஸ்டால் என்ற இருவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பற்றீரியாவைப் பாரமான நைதரசனில் வளர்த்து, பிறகு சாதாரண நைதரசனுக்கு மாற்றி, ஒருமுறை பிரிந்து பெருகியதும் அதன் டீ.என்.ஏ.யை நிறுத்துப் பார்த்தார்கள். பாரமானது ஒரு பங்கு, இலேசானது ஒரு பங்கு என்று வரவில்லை. எல்லாமே நடுத்தரமான பாரம். அதாவது டீ.என்.ஏ. என்ற ஏணியின் இரண்டு காலும் பிரிந்து, ஒவ்வொரு பழைய காலோடும் ஒரு புதிய கால் சேர்கிறது. பிறக்கும் இரண்டில் எது மூலம், எது பிரதி என்று கேட்டால் பதில் கிடையாது. இரண்டிலும் பாதி பழையது, பாதி புதியது. இந்தப் பாடத்தை எத்தனையோ வகுப்புக்கு நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பின்வாங்கில் யாராவது ஒரு பிள்ளை, “அப்ப ஒறிஜினல் எங்கை சேர்?” என்று கேட்கும். நல்ல கேள்வி. ஒறிஜினலைப் பெட்டியில் பூட்டி வைக்கும் பழக்கம் உயிருக்கு இல்லை.

கணினிக்கும் இல்லை. வன்தட்டில் உள்ள ஒரு படத்தைத் திறந்தால் நினைவகத்தில் ஒரு பிரதி உண்டாகிறது, திரைக்கு இன்னொன்று போகிறது. ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கு அனுப்பினால் போகிற வழியில் நிற்கும் சேவையகங்களிலும் பிரதிகள். இதில் எதைக் கையில் எடுத்து ‘இதுதான் மூலம்’ என்று காட்டுவது? ஆனால் நம் அலுவலகங்களில் இன்னும் ‘ஒறிஜினலைக் கொண்டு வாங்கோ’ என்ற மந்திரம்தான்.

பிரதி எடுத்தால் பிழை வரும் என்பது உண்மை. அதை நான் கண்ணாலே கண்டிருக்கிறேன். தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லை, கடதாசி இல்லை, பத்திரிகையே கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகி வந்த காலம் உண்டு. பிள்ளைகளின் குறிப்புகள் கையால் எழுதியோ றோனியோவிலோ பெருகின. பிறகு பாதை திறந்து, கரண்டும் வந்து, திருநெல்வேலிச் சந்தியைச் சுற்றிப் போட்டோக்கொப்பிக் கடைகள் முளைத்தன. ஒருவர் குறிப்பை மற்றவர் கொப்பி எடுக்க, அந்தக் கொப்பியை இன்னொருவர் கொப்பி எடுக்க, தலைமுறை தலைமுறையாக அது இறங்கியது. ஒரு வகுப்பில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். செங்குருதிக் கலங்களுக்குச் சமமான உப்புக் கரைசல் எத்தனை வீதம் என்ற கேள்விக்கு அரைவாசிப்பேர் ஒன்பது என்று எழுதியிருந்தார்கள். சரியான விடை 0.9. ஒன்பது வீதக் கரைசலில் கலத்தைப் போட்டால் நீர் வெளியேறி அது சுருங்கிப்போகும்.

கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு பிள்ளை தன் குறிப்பை விரித்துக் காட்டினாள். “09 எண்டுதானே சேர் கிடக்கு.” தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பூச்சியத்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில் வெள்ளை. தசமப் புள்ளி எந்தத் தலைமுறையில் உதிர்ந்ததோ, யாருக்குத் தெரியும்? அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் மெய்யெழுத்துகளின் குற்றுகளும் அங்கொன்றும் இங்கொன்றும் பறந்துபோயிருந்தன. அவற்றைப் பிள்ளைகள் தாங்களாகவே போட்டு வாசித்துக்கொண்டார்கள், ஏனென்றால் தமிழ் தெரியும். தசமப் புள்ளியைப் போட்டுக்கொள்ள உயிரியல் தெரிந்திருக்கவேண்டும்.

ஏட்டுக் காலத்திலும் குற்று இருக்கவில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளி இல்லாமலே எழுதினார்கள். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது. பொருள் தெரிந்தவர் எழுதினால் ஏடு பிழைக்கும், கூலிக்கு எழுதுகிறவர் எழுதினால் கெடும். பாடினவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்ற பழமொழி சும்மா வரவில்லை. ஆனால் எழுதாமலும் விடமுடியாது. நம் வெக்கையிலும் மழையிலும் ஓலை சில தலைமுறைதான் தாங்கும். அது உளுத்துப்போகமுன் பெயர்த்தெழுதியே ஆகவேண்டும்.

இந்த இடத்தில் சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளையை நினைக்காமல் போகமுடியாது. 1832இல் பிறந்து சென்னைக்குப் போய்ப் பட்டமும் பதவியும் பெற்றவர். வீரசோழியத்தை 1881இலும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அச்சில் கொண்டுவந்தார். கட்டை அவிழ்த்தாலே இதழ் ஒடிகிற நிலையில் ஏடுகள் வந்து சேர்ந்ததைத் தன் பதிப்புரையில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். அவர் செய்த வேலையை உயிரியல்காரன் கண்ணால் பார்த்தால் ஒன்று பிடிபடும். அவர் ‘மூல ஏடு’ தேடவில்லை. தொல்காப்பியருடைய கைப்பட்ட ஓலை யாரிடமும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். வெவ்வேறு ஊரில், வெவ்வேறு கை எழுதிய பல பிரதிகளைக் கூட்டினார். ஒரு ஏட்டில் உள்ள பிழை மற்ற ஏட்டில் அதே இடத்தில் பெரும்பாலும் வராது. ஒன்றை வைத்து ஒன்றைத் திருத்தினார். ஒரேயொரு ஏடு மட்டும் கிடைத்திருந்தால் எது பிழை என்றே சொல்லமுடிந்திராது.

கலமும் இப்படித்தான் செய்கிறது. டீ.என்.ஏ.யைப் படியெடுக்கும் நொதியம் தன்பாட்டில் எழுதினால் ஏறக்குறைய இலட்சம் எழுத்துக்கு ஒன்று பிழையாகும். அந்த நொதியமே தான் எழுதியதைத் திரும்பிப் பார்த்துப் பிழையானதைக் கிள்ளி எறிகிறது. அதற்குப் பின்னால் இன்னொரு கூட்டம் வந்து இரண்டு இழையையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. கடைசியில் மிஞ்சுவது நூறு கோடிக்கு ஒன்று என்ற அளவு. ஒப்பிடும்போது எந்த இழையை நம்புவது? ஈ.கோலை பற்றீரியாவில் பழைய இழையில் மெதைல் குறிகள் இருக்கும், புதிய இழையில் கொஞ்ச நேரம் இராது. குறி உள்ளதை நம்பி மற்றதைத் திருத்துகிறது. கணினிக்காரரிடம் இதற்கு வேறு வித்தை உண்டு. ஒரு கோப்பின் முழு உள்ளடக்கத்தையும் கணக்கிட்டு ஒரு சிறிய எண்சரமாகச் சுருக்குவார்கள். பிரதியின் எண்சரமும் அதுவேயானால் சரி. ஆயிரம் பக்கத்தில் ஒரு தசமப் புள்ளி உதிர்ந்திருந்தாலும் எண்சரம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நம் ‘உண்மைப் பிரதி’ முத்திரையைப் பாருங்கள். சமாதான நீதவான் வீட்டு விறாந்தையில் வரிசையில் நிற்கிறோம். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன் என்ற பொருளில் முத்திரை விழுகிறது, கையொப்பம் விழுகிறது. ஒப்பிட்டுப் பார்த்தவரை நான் இதுவரை கண்டதில்லை. அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை, ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்து நிற்கிறார்கள்! பற்றீரியாவுக்கு இருக்கும் அவகாசம் மனிதருக்கு இல்லை.

சரி, பிழையில்லாத பிரதியை நிறைய எடுத்துவிட்டால் போதுமா? நீர்வேலிப் பக்கத்து வாழைத் தோட்டக்காரர் யாரையாவது கேளுங்கள். கதலியோ இதரையோ, வாழைக்குட்டியைப் பிடுங்கித்தான் அடுத்த தோட்டம் வைக்கிறார்கள். தாயும் குட்டியும் மரபணுவில் ஒன்றே. குலை ஒரே மாதிரி வரும், ருசி ஒரே மாதிரி இருக்கும், சந்தையில் விலை பேசச் சுகம். ஆனால் ஒன்றுக்குப் பிடிக்கும் வாடல் நோய் எல்லாவற்றுக்கும் பிடிக்கும். உலகச் சந்தை முழுதும் ஒருகாலத்தில் விற்ற குரோ மிசேல் என்ற வாழை இனத்தைப் பனாமா வாடல் என்ற பங்கசு நோய் 1950களில் வணிகத்திலிருந்தே துரத்திவிட்டது. அதற்குப் பதிலாக வந்த கவண்டிசும் குட்டியால் பெருகும் இனம்தான். இப்போது அதையும் அந்தப் பங்கசின் இன்னொரு வடிவம் நாடு நாடாகத் துரத்துகிறது.

பனையோ மறுபக்கம். அதற்குக் குட்டி இல்லை, கதியால் இல்லை, ஒட்டவும் முடியாது. கொட்டை போட்டு, அது வடலியாகி, பாளை தள்ளும்போதுதான் ஆணா பெண்ணா என்றே தெரியும். அதற்குள் பன்னிரண்டு, பதினைந்து வருடம் போய்விடும். ஒவ்வொரு பனையும் புதுப் பனை. போரில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறித்த பனைகளில் ஒன்றைக்கூட அப்படியே திரும்பக் கொண்டுவர வழியில்லை. தன்னைப் பிரதி எடுக்கவே விடாத மரத்தின் ஓலையில்தான் நம்மவர் எல்லாவற்றையும் பிரதி எடுத்தார்கள்.

வாழையில் நடந்தது கொழும்பில் கணினிகளுக்குள்ளும் நடந்தது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் கடைசியில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையை ஒரு கப்பக்கார மென்பொருள் தாக்கிப் பூட்டியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 முகவரிகள். காப்புப்பிரதி இருந்தது. ஆனால் அது மூலத்தோடு ஒரே வலையமைப்பில் தொடுத்திருந்தது. வந்த நோய் அதையும் சேர்த்துப் பிடித்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பி வரவில்லை. தொடுப்பில் இல்லாத பிரதி ஒன்று ஏதாவது இறாக்கையில் கிடந்திருந்தால் நாட்டின் நிர்வாகத்துக்கு மூன்று மாதத்துக்கு மேலான நினைவு அழிந்திராது. 2025 செப்டெம்பரில் தென்கொரியாவில் அரசாங்கத் தரவு நிலையம் ஒன்றில் மின்கலத் தீ பிடித்தபோதும் அரச ஊழியர்களின் பெருங்கோப்புத் தொகுதி ஒன்று, வேறிடத்தில் பிரதி இல்லாமல் எரிந்தது. கொரியாக்காரனுக்குப் பணமில்லையா, தொழில்நுட்பம் இல்லையா?

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். ஒரே கூரையின் கீழ் இருக்கும் இரண்டு பிரதி ஒரு பிரதிதான். ஒரே நகரில், ஒரே வலையமைப்பில், ஒரே ஆளின் சாவிக்கொத்தில் இருக்கும் இருபது பிரதியும் ஒன்றுதான்.

காணி விடயத்தில் மட்டும் நாம் இதை அறிந்து வைத்திருக்கிறோம், அல்லது சட்டம் நம்மை அறிய வைத்திருக்கிறது. உறுதி முடிக்கும்போது நொத்தாரிசு ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்வார், ஒன்று காணிப் பதிவகத்துக்குப் போகும், ஒன்று நம் கைக்கு வரும். மூன்று இடம், மூன்று பேர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே வெறித்து, சனம் நாவற்குழிப் பாதையால் மழையில் நனைந்துகொண்டு அசைந்தபோது, ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தது ஒரு பை. எங்கள் வீட்டில் அது அம்மா. சொப்பின் பையால் சுற்றி அதற்கு மேல் ஒரு துவாயால் சுற்றியிருந்தா. உறுதி, பிறப்புப் பத்திரம், எங்கள் சான்றிதழ்கள், கொஞ்ச நகை. கைதடியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அவிழ்த்துப் பார்த்தால், மடிப்பு வழியே தண்ணீர் இறங்கி உறுதியின் நடுப்பகுதியில் நீல மை ஊதாப் படலமாகப் பரவியிருந்தது. எல்லைகள் எழுதியிருந்த இடம். கிழக்கு எல்லை யாருடைய காணி என்றே வாசிக்க முடியவில்லை. (அதே கிளுவை வேலிதான்.) பல வருடம் கழித்துப் பதிவகத்திலிருந்து சான்றுப்படுத்திய பிரதி எடுத்தோம், ஓர் எழுத்துக் குறையவில்லை. அம்மா காத்த மூலம் தோற்றது, அவ கண்ணாலும் காணாத பிரதி வென்றது. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் நடத்திய தோம்பு வழக்கம் வரி பிடுங்கத்தான் வந்தது. என்றாலும் ஒரு நன்மை அதில் கிடந்தது.

ஆனால் காணிக்கு வெளியே? ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்வு இடாப்பும் சம்பவத்திரட்டுப் புத்தகமும் அதிபரின் அறை அலுமாரிக்குள் ஒன்றே ஒன்றாக இருக்கின்றன. பிறப்புப் பதிவைத் தொலைத்த ஒருவருக்கு வயதுக்குச் சான்றாக நிற்பது சில நேரம் அந்த இடாப்பின் ஒற்றை வரி. நான் ஒருகாலத்தில் படிப்பித்த பள்ளிக்கூடம் ஒன்று உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. கட்டடம் திரும்பக் கிடைத்தது, இடாப்பு கிடைக்கவில்லை. அங்கே படித்த எத்தனையோ பேர் அங்கே படித்ததற்கு இன்று எழுத்தில் ஆதாரம் கிடையாது. மீண்டும் திறந்த பிறகு புது இடாப்பு எழுதுகிறார்கள், அதே மாதிரி அலுமாரியில், ஒன்றே ஒன்றாக.

கோயில்களும் அப்படியே. கந்தபுராணம் அழியாமல் இருந்ததற்கு எந்தக் கோயிலும் அதைப் பூட்டி வைக்காததே காரணம். ஊர் ஊராக ஏடு இருந்தது. வருடா வருடம் புராணபடனத்தில் ஒருவர் வாசிக்க ஒருவர் பயன் சொன்னார். வாசிப்பில் தட்டினால் சபையில் இருக்கும் கிழவர் யாராவது அந்த இடத்திலேயே திருத்துவார். அதே கோயில்களின் கணக்கேடு, தர்மசாதன உறுதி, திருவிழா உபயகாரர் பட்டியல் எல்லாம் தர்மகர்த்தா வீட்டு இரும்புப் பெட்டிக்குள். நான் அறிந்த ஒரு கோயிலில் பழைய கணக்கேடுகளை ஸ்கான் பண்ணித் தருகிறோம், ஒரு சதமும் வேண்டாம் என்று இளம்பிள்ளைகள் போய்க் கேட்டார்கள். கூட நானும் போனேன். “வேண்டாம் மாஸ்டர், வெளியிலை போனா நாளைக்கு ஆரும் வழக்குக்குக் கொண்டு போவாங்கள்” என்றார் பெரியவர். குறைந்தபட்சம் காரணத்தை ஒளிக்காமல் சொன்னார். ஒரே பிரதியை வைத்திருப்பவர்கள் பலரும் பிரதி எடுக்க விடாததற்கு உள்ளே கிடக்கும் காரணம் இதுதான். ஒரே பிரதி ஒரு அதிகாரம். இரண்டாவது பிரதி வந்துவிட்டால் பெரியவர் சொல்வதுதான் வரலாறு என்ற நிலை போய்விடும்.

இந்த விடயத்தில் நல்லது நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இல் நம்மவர் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும் செய்த வேலை சாதாரணமானதல்ல. நூலகத்தில் இன்று இலட்சத்தைத் தாண்டிய ஆவணங்கள் இருக்கின்றன, ஓலைச்சுவடிகள் உட்பட. பெரும்பங்கு தன்னார்வலர் உழைப்பு. அதனாலேயே ஒரு சோம்பலும் நமக்கு வந்துவிட்டது. ‘நூலகத்தில கிடக்கும்தானே’ என்று வாசிகசாலைக்காரர் பழைய சஞ்சிகைக் கட்டைப் பேப்பர்காரனுக்கு நிறுத்துக் கொடுக்கிறார். அங்கே கிடக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இணையத்தில் இருந்தால் அழியாது என்பதும் மூடநம்பிக்கை. 2023 ஒக்டோபரில் பிரித்தானிய நூலகமே தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் இணையச் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தன. லண்டனுக்கே அந்தக் கதி.

வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் படம் எடுத்து அனுப்பிவிட்டோம், போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உறுதியை வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். பெரிதாக்கிப் பார்த்தால் முத்திரை ஒரு நீலப் பொட்டு, கையொப்பம் ஒரு புழு. ‘டொக்குமென்ட்’ என்பதைத் தெரிந்தெடுத்து அனுப்புங்கள், அப்போதுதான் எடுத்த அளவிலேயே போகும். போனபிறகு ரொறன்ரோவில் அதைத் திறந்து, கிழக்கு எல்லையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். என் மகள் சலித்துக்கொள்வாள், ஆனால் வாசித்துக் காட்டுவாள்.

பெரிய நிதியும் கட்டடமும் இதற்குத் தேவையில்லை. கல்வி வலயங்கள் நினைத்தால் இடாப்பும் சம்பவத்திரட்டும் ஒரு விடுமுறைக் காலத்துக்குள் படமாகிவிடும், கைத்தொலைபேசியே போதும். ஒரு பிரதி வலய அலுவலகத்தில், ஒன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தில், ஒன்று ஆனையிறவுக்கு அப்பால், கொழும்புச் சுவடிகள் திணைக்களத்திலோ வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கத்திடமோ. முக்கியமான பக்கங்கள் கடதாசியிலும் இருக்கட்டும், ஏனென்றால் கடதாசிக்குக் கணினி வைரஸ் பிடிக்காது, வன்தட்டைக் கறையான் அரிக்காது. பிள்ளைகளின் சொந்த விபரம் வெளியில் போகுமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பகிரங்கமாகப் போடவேண்டியதில்லை, பூட்டியே வையுங்கள். மூன்று இடத்தில் பூட்டி வையுங்கள்.

கோயில் பெரியவருக்கும் ஒரு பதில் இருக்கிறது. வழக்கு வரும் என்ற பயம் உண்மையானால், அந்த ஏடு எரிந்தாலும் வழக்கு வரும், அப்போது அவர் பக்கத்துக்கும் ஆதாரம் இராது. இதை அவரிடம் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஐப்பசி மழைக்கு முன் யோசித்து முடித்தாரென்றால் நல்லது, இரும்புப் பெட்டி இருக்கும் அந்த அறையின் ஓடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.